கடலைப் பார்த்து நின்ற பீரங்கிகள்: கரையோரக் கான்கிரீட் தளம் எப்படி வேலை செய்தது?

நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் பக்கத்துப் பல வீடுகளில் சிங்கப்பூர்க் கதை உண்டு. ரஜுலா கப்பலில் போன தாத்தா, யுத்தத்தில் அகப்பட்டுத் திரும்பிய மாமா என்று யாராவது ஒருவர் இருப்பார். அந்தக் கதைகளில் தவறாமல் வரும் வரி இது: “பீரங்கியெல்லாம் கடலப் பாத்தே வச்சிருந்தான் வெள்ளக்காரன். ஜப்பான்காரன் சைக்கிள்ல பின்பக்கமா வந்துட்டான். திருப்ப முடியல, ஊரு போச்சு.”

கேட்க நன்றாக இருக்கிறது. பாதி உண்மையும் கூட. மீதிப் பாதி தவறாகப் பரவியதற்குக் காரணம், கரையோரப் பீரங்கித் தளம் என்பது என்ன என்று யாரும் நின்று விளக்கவில்லை. தரங்கம்பாடிக் கோட்டை வாசலில் கடலைப் பார்த்திருக்கும் பழைய பீரங்கியோடு படம் எடுத்துக்கொள்கிறோம். யூடியூபில் பிரான்ஸ் கடற்கரையில் பாதி மணலில் புதைந்த கான்கிரீட் பெட்டிகளைப் பார்க்கிறோம். இரண்டும் ஒரே சாமான், ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று நினைத்துக்கொள்கிறோம். “தடித்த சுவர், பெரிய பீரங்கி, அவ்வளவுதானே” என்பதுதான் பொதுவான எண்ணம்.

அது சரியில்லை. கான்கிரீட் தளத்தின் உயிர் பீரங்கியிலும் இல்லை, சுவரிலும் இல்லை. கடலில் ஓடும் கப்பல் எந்த இடத்தில் இருக்கிறது என்று அளக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. அந்த ஏற்பாடு இருந்தவரை அதை நெருங்கக் கப்பல்கள் அஞ்சின. அது அறுந்தால் எத்தனை அடி கான்கிரீட்டும் உதவவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் சிங்கப்பூர்க் கதையும் தன்னால் தெளிந்துவிடும்.

கோட்டை வேறு, பீரங்கித் தளம் வேறு

தரங்கம்பாடியிலிருந்தே தொடங்குவோம். 1620-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஓவே யெட்டே, தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டியது டேன்ஸ்போர்க் கோட்டை. கீழ்த்தளத்தில் கிடங்கு, வெடிமருந்தறை, சிறை. மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். அதாவது அது ஒரு வியாபாரக் கம்பெனியின் வீடு, அலுவலகம், கிட்டங்கி, காவல் எல்லாம் சேர்ந்த இடம். மதில் மேல் பீரங்கி வைத்தது உள்ளே இருப்பதைக் காப்பாற்ற. கரைக்கு எதிரே நங்கூரம் போட்டிருக்கும் சொந்தக் கப்பல்களுக்கும் அது ஓரளவு காவல்.

அந்தக் காலத்துப் பீரங்கி எப்படிப்பட்டது என்று பார்க்க அதிக தூரம் போகவேண்டாம். தஞ்சாவூர்க் கீழவாசலில் பீரங்கி மேடு இருக்கிறது. அதே ரகுநாத நாயக்கர் காலத்தது என்று சொல்லப்படும் பெரிய இரும்புப் பீரங்கி அங்கே படுத்திருக்கிறது. ஏழு மீட்டருக்கு மேல் நீளம், இருபது டன்னுக்கு மேல் எடை. பக்கத்தில் போய்ப் பாருங்கள். அது வார்ப்பு இல்லை. நீளவாக்கில் இரும்புப் பட்டைகளை அடுக்கி, அதன் மேல் வளையம் வளையமாக இரும்பைக் காய்ச்சி அடித்து ஏற்றியிருக்கிறார்கள். ஒரு வளையம் முடிந்து அடுத்தது தொடங்கும் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கலாம். கொல்லர்களின் அசாத்திய வேலை அது.

ஆனால் மருந்தையும் குண்டையும் முன்வாயால்தான் போடவேண்டும். குழலின் உட்புறம் வழவழப்பு. உருண்டைக் குண்டு குழலுக்குள் அங்குமிங்கும் மோதிக்கொண்டே வெளியேறும். ஒரு கிலோமீட்டர் தாண்டினால் எங்கே விழும் என்று சுட்டவனுக்கே நிச்சயமில்லை. அந்தத் தூரத்தில் கண்ணால் பார்த்துச் சுடுவதே போதும். அளக்கும் ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

பீரங்கித் தளம் என்பது வேறு. ஒரே வகையான சில பீரங்கிகள், ஒரே தலைமையின் கீழ், ஒரே இலக்கை நோக்கிச் சேர்ந்து சுடுவதற்காக அமைந்த இடம். அங்கே ஆளுநரும் இல்லை, பாதிரியாரும் இல்லை, மிளகு மூட்டையும் இல்லை. கடலில் ஒரு குறிப்பிட்ட வழியை, பெரும்பாலும் ஒரு துறைமுக வாயிலை, அடைப்பது மட்டுமே அதன் வேலை.

செங்கல் ஏன் தோற்றது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பீரங்கி அடியோடு மாறியது. குழலின் உட்புறம் மரை வெட்டினார்கள். குண்டு உருண்டையாக இல்லாமல் நீளமாக, முனை கூராக வந்தது. மரையில் சிக்கிச் சுழன்றுகொண்டே போவதால் தடம் மாறாமல் தூரம் போயிற்று. கொஞ்ச காலத்தில் பின்பக்கம் திறந்து குண்டு போடும் வசதியும் பரவலானது.

இதன் விளைவு அமெரிக்காவில் 1862 ஏப்ரலில் தெரிந்தது. ஜார்ஜியாவில் புலாஸ்கி என்ற கோட்டை. ஏழடிக்கு மேல் தடித்த செங்கல் சுவர். அசைக்க முடியாது என்று நம்பியிருந்தார்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து மரைவெட்டிய பீரங்கிகள் சுட்டதில் சுமார் முப்பது மணி நேரத்தில் சுவர் ஓட்டையாகி, கோட்டை சரணடைந்தது. உயரமான செங்கல் மதிலின் காலம் அத்தோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

அடுத்து வந்த தளங்கள் உயரத்தை விட்டுவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கின. முன்னால் மண்மேடு, அதன் பின்னால் கான்கிரீட், அதற்குள் பீரங்கி. மண் குண்டின் வேகத்தை விழுங்கும், கான்கிரீட் மீதியைத் தாங்கும். கடலிலிருந்து பார்த்தால் புல் முளைத்த மேடு மட்டுமே தெரியும்.

கான்கிரீட் என்றதும் “உடையாது” என்று எடுத்துக்கொள்கிறோம். அது அழுத்தத்தைத் தாங்கும். இழுவையைத் தாங்காது. கூரையின் மேல் குண்டு விழுந்தால் மேற்பக்கம் அழுந்தும், அடிப்பக்கம் இழுபடும். அந்த அடிப்பக்கம் பெயர்ந்து, பாளம் பாளமாக உள்ளே இருப்பவர் தலையில் விழும். குண்டு உள்ளே வராமலே ஆள் செத்துப்போவான். அதற்காகத்தான் கம்பி கட்டினார்கள். இன்று நம் வீட்டுக் கூரைக்குப் போடும் அதே ஆர்.சி.சி. முறைதான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் இரண்டு மீட்டர் தடிமனை வாடிக்கையான அளவாகவே வைத்திருந்தார்கள். உள்கூரையில் இரும்புத் தகடும் பதித்தார்கள், பெயரும் துண்டு கீழே விழாமலிருக்க.

கூரை போட்டால் இன்னொரு சங்கடம் வரும். கூரையுள்ள கான்கிரீட் அறைக்குக் கேஸ்மேட் என்று பெயர். அதற்குள் இருக்கும் பீரங்கி, முன்னால் உள்ள திறப்பு எவ்வளவோ அவ்வளவுதான் திரும்பும். கூரையில்லாத குழியில் வைத்தால் சுற்றிச் சுழலலாம், ஆனால் மேலே விமானம் வந்தால் திறந்து கிடக்கும். காப்பு கூடினால் பார்வை குறையும், பார்வை கூடினால் காப்பு குறையும். தளம் கட்டிய ஒவ்வொரு பொறியாளரும் இந்த இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே தீரவேண்டியிருந்தது.

இதுவரை பார்த்தது: பழைய கோட்டை தன்னைக் காத்துக்கொண்டது, தளம் கடல்வழியை அடைத்தது. மரைவெட்டிய பீரங்கி செங்கல்லைத் தோற்கடித்தது. கான்கிரீட்டும் மண்ணும் அந்த இடத்துக்கு வந்தன.

கப்பல் எங்கே இருக்கிறது?

இனிதான் முக்கியமான பகுதி. இருபது கிலோமீட்டர் தள்ளிப் போகும் கப்பலை எப்படி அடிப்பது?

நம் கரையில் வயதான மீனவர்களுக்கு ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பே நடுக்கடலில் தன் இடம் தெரியும். கரையில் இரண்டு அடையாளங்களைப் பிடிப்பார்கள். நாகூர் மினாரா ஒரு திசையில், நாகப்பட்டினம் கலங்கரை விளக்கம் இன்னொரு திசையில். இரண்டு திசைக்கோடுகளும் வெட்டும் புள்ளி ஒன்றே ஒன்றுதான். அங்கேதான் படகு. நேற்று வலைபோட்ட பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத்திட்டுக்கு, இன்று மறுபடி வந்து சேர்வது இப்படித்தான்.

பீரங்கித் தளம் இதையே திருப்பிப் போட்டது. கடலிலிருந்து கரையின் இரண்டு இடங்களைப் பார்ப்பதற்குப் பதில், கரையின் இரண்டு இடங்களிலிருந்து கடலில் உள்ள ஒரு கப்பலைப் பார்ப்பது. அப்படிப் பார்க்கும் இடத்துக்கு நோக்குமாடம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கான்கிரீட் அறை, கிடைமட்டமாக ஒரு நீளமான பிளவு, உள்ளே கோணம் அளக்கும் தொலைநோக்கி. அவ்வளவுதான் அது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். நாகப்பட்டினம் கலங்கரை விளக்கத்தில் ஒரு நோக்குமாடம், வடக்கே நாகூர் மினாராவில் ஒன்று. இடையில் 6 கிலோமீட்டர் என்று கொள்வோம். கப்பல் நாகப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே, கரைக்கோட்டுக்குச் செங்குத்தாகத் தெரிகிறது. அதே நொடியில் நாகூரிலிருந்து பார்ப்பவருக்கு அது கரைக்கோட்டோடு 60 பாகைக் கோணத்தில் தெரிகிறது. பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்கு. 6-ஐ 60 பாகையின் டேன் மதிப்பான 1.732-ஆல் பெருக்கினால், நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் 10.4 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

இப்போது நாகூர்க்காரர் ஒரு பாகை பிசகி 61 என்று சொல்லிவிட்டால்? தூரம் 10.8 கிலோமீட்டர் ஆகிவிடும். நானூறு மீட்டருக்கு மேல் தவறு. ஒரு பெரிய போர்க்கப்பலின் நீளமே இருநூறு மீட்டர்தான். ஒரு பாகை பிசகினால் குண்டு கப்பலைத் தொடக்கூட வாய்ப்பில்லை. பத்தில் ஒரு பாகை பிசகினால் தவறு சுமார் 40 மீட்டர். அப்போதுதான் சுடுவதில் அர்த்தம் வருகிறது. பீரங்கியை வார்த்த ஆலையைவிட, கோணம் அளந்த அந்தச் சிப்பாயின் கண்ணும் கையும் எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து தெரியும்.

இன்னொரு தொல்லை, கப்பல் நிற்காது. மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கப்பல் ஒரு நொடியில் பத்து மீட்டர் நகரும். பெரிய குண்டு இருபது கிலோமீட்டர் பறந்து விழ முக்கால் நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் கப்பல் நானூறு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஆகவே கப்பல் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுடவே கூடாது. அது வந்து சேரப்போகும் இடத்தைக் கணக்கிட்டு அங்கே குண்டை அனுப்பவேண்டும்.

அந்தக் கணக்கு நடக்கும் இடம் கணக்கறை. நிலத்தடியில், பெரும்பாலும் பீரங்கிக்குத் தள்ளி இருக்கும். இரண்டு நோக்குமாடங்களும் குறித்த இடைவெளியில் மணி அடித்ததும் ஒரே நொடியில் கோணம் எடுத்துத் தொலைபேசியில் சொல்லும். கணக்கறையில் மேசை மேல் விரித்த படத்தில் புள்ளி வைப்பார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் கப்பலின் பாதை. அதை நீட்டினால் அடுத்த புள்ளி. அதோடு காற்றின் திசை, மருந்தின் சூடு, குழலின் தேய்மானம் எல்லாம் கூட்டிக் கழித்து, பீரங்கி இத்தனை பாகை உயரட்டும், இத்தனை பாகை திரும்பட்டும் என்று உத்தரவு போகும். குழிக்குள் நின்று குண்டு ஏற்றுபவர் பல நேரம் கப்பலைக் கண்ணாலேயே பார்ப்பதில்லை. எண் வரும், எண்ணுக்குத் திருப்புவார், சுடுவார்.

பூமியின் வளைவும் இதில் குறுக்கே வருகிறது. தரங்கம்பாடி மணலில் நின்று பார்த்தால் தொடுவானம் நான்கரைக் கிலோமீட்டரில் முடிந்துவிடும். சுமார் 40 மீட்டர் உயர நாகூர்ப் பெரிய மினாரா மீதேறிப் பார்த்தால் 22 கிலோமீட்டர் வரை தெரியும். நூறு மீட்டர்க் குன்று இருந்தால் 35 கிலோமீட்டர். பீரங்கி எவ்வளவு தூரம் சுட்டாலும், எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறதோ அவ்வளவுக்குத்தான் அதனால் பயன். ரேடார் வந்த பிறகுதான் இந்தக் கட்டு கொஞ்சம் தளர்ந்தது.

சுருக்கமாக: இரண்டு நோக்குமாடம், ஒரு கணக்கறை, இடையில் தொலைபேசிக் கம்பி, கடைசியில் பீரங்கி. இந்த நான்கும் சேர்ந்ததே தளம். நாம் படத்தில் பார்ப்பது கடைசியில் உள்ளதை மட்டும்தான்.

அசையாத நிலத்தின் பலம்

கப்பலிலும் பெரிய பீரங்கி உண்டு, அளக்கும் கருவியும் உண்டு. பிறகு கரைக்கு என்ன மிச்சம்?

கரை ஆடாது. கப்பல் அலையில் சாயும், நிமிரும். கரையில் இரண்டு நோக்குமாடங்களுக்கு இடையே பல கிலோமீட்டர் விடலாம். கப்பலின் தூரமானிக்கு அதன் உடலின் அகலத்துக்குள்தான் இடம். கரைப் பீரங்கி மூழ்காது. தளத்தில் அதற்கு எதிரே உள்ள கடலின் ஒவ்வொரு பகுதிக்கும் தூரம் முன்கூட்டியே அளந்து படமாக இருக்கும்.

நார்வேயில் 1940 ஏப்ரல் 9 விடியற்காலை நடந்தது இதற்குச் சான்று. தலைநகர் ஒஸ்லோவுக்குப் போகும் கடல்வழி ஓரிடத்தில் மிகக் குறுகும். அங்கே ஓஸ்கர்ஸ்போர்க் கோட்டையில் 1890-களில் வைத்த 28 சென்டிமீட்டர்ப் பீரங்கிகள். ஜெர்மனியின் புத்தம்புதுக் கப்பல் ப்ளூஷர் படைகளை ஏற்றிக்கொண்டு அந்த வழியே வந்தது. ஏறக்குறைய ஐம்பது வருடப் பழமையான பீரங்கிகள் இரண்டே முறை சுட்டன. இரண்டும் பட்டன. அடுத்து கரையிலிருந்த டார்பிடோ தளமும் சேர்ந்து அடிக்க, கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. வழி குறுகல், தூரம் முன்பே தெரிந்தது, கப்பல் வேறெங்கும் விலக இடமில்லை. பீரங்கியின் வயது அங்கே பொருட்டாகவே இல்லை.

அசையாத நிலத்துக்கு எதிரான பக்கமும் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று எதிரிக்கும் தெரியும். பிரான்சின் நார்மண்டியில் லோங் என்ற கடலோர ஊரில் ஜெர்மானியர்கள் கட்டிய தளம் இன்றும் பீரங்கிகளோடு நிற்கிறது. நான்கு கேஸ்மேட்டுகள், ஒவ்வொன்றிலும் 15 சென்டிமீட்டர்க் கடற்படைப் பீரங்கி, சுமார் 20 கிலோமீட்டர் எட்டும். முன்னால் செங்குத்துப் பாறை விளிம்பில் இரண்டு அடுக்கு நோக்குமாடம். நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் கரையிறங்கிய 1944 ஜூன் 6-க்கு முன் அதன்மேல் அவற்றின் விமானங்கள் கடுமையாகக் குண்டு பொழிந்தன. கான்கிரீட் பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. ஆனால் நோக்குமாடத்தையும் பீரங்கிகளையும் இணைத்த தொலைபேசிக் கம்பி அறுந்துபோயிற்று. படையெடுப்பு நாளில் பீரங்கிகள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் சுட்டும் ஒரு கப்பலையும் மூழ்கடிக்க முடியவில்லை. மறுநாள் பிரிட்டிஷ் காலாட்படை தளத்தைப் பிடித்துவிட்டது. இரண்டு மீட்டர் கான்கிரீட் பிழைத்தது, ஒரு விரல் தடிமன் கம்பி பிழைக்கவில்லை.

இனி சிங்கப்பூருக்கு

சாங்கியில் 1930-களில் பிரிட்டிஷார் கட்டியது ஜோகூர் தளம். ஜோகூர் சுல்தான் அளித்த ஐந்து லட்சம் பவுண்டு நன்கொடையால் அந்தப் பெயர். மூன்று பீரங்கிகள், ஒவ்வொன்றும் 15 அங்குல விட்டம். ஒரு குண்டின் எடை 800 கிலோவுக்கு மேல். முப்பது கிலோமீட்டருக்கு மேல் எட்டும். பீரங்கிக்கு அடியில் கான்கிரீட் வெடிமருந்துக் கிடங்குகள், அங்கிருந்து குண்டை மேலேற்ற இயந்திர ஏற்றம். தீவின் தென்மேற்கே போனா விஸ்டா தளத்தில் இன்னும் இரண்டு 15 அங்குலப் பீரங்கிகள். இவை தவிர 9.2 அங்குலம், 6 அங்குலம் என்று சின்னவை பல.

“திருப்ப முடியவில்லை” என்ற பேச்சை இப்போது எடுத்துக்கொள்வோம். போனா விஸ்டா விஷயத்தில் அது சரி. அவற்றால் வடக்கே திரும்ப முடியவில்லை. ஆனால் ஜோகூர் தளத்துப் பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்பின, சுடவும் சுட்டன. செந்தோசாத் தீவில் இருந்த 9.2 அங்குலப் பீரங்கிகளும் நிலத்தை நோக்கிச் சுட்டன. அப்புறம் ஏன் பலனில்லை?

முதல் காரணம், குண்டின் வகை. கப்பலை அடிக்கும் குண்டு தகடு துளைக்கும் குண்டு. தடித்த எஃகைத் துளைத்து உள்ளே போனபின் வெடிக்கும்படி செய்தது. அதன் மூக்கு கனம், உள்ளே வெடிமருந்து கொஞ்சம். ரப்பர்த் தோட்டத்து ஈரமண்ணில் விழுந்தால் ஆழப் புதைந்து பிறகு வெடிக்கும். சுற்றி இருக்கும் சிப்பாய்களுக்குச் சேதம் குறைவு. ஆட்களை அடிக்கத் தரைமேலேயே வெடித்துத் துண்டாகச் சிதறும் குண்டு வேண்டும். 15 அங்குலப் பீரங்கிகளிடம் அது இல்லவே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு.

இரண்டாவது காரணத்தை நம் கதைகளில் யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுவே பெரியதாகப் படுகிறது. நோக்குமாடங்கள் எல்லாம் கடலைப் பார்த்தவை. கணக்கறையில் விரித்திருந்த படம் கடலின் படம். மரங்களுக்கு நடுவே, ரோட்டோரத்தில், இரவோடு இரவாக நகரும் படையை அந்த ஏற்பாட்டால் பார்க்கவே முடியாது. குழல் திரும்பினாலும் கண் திரும்பவில்லை.

கடலைப் பார்த்து வைத்ததே முட்டாள்தனம் என்பதும் நியாயமில்லை. கடலைக் காக்கக் கட்டியது கடலைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும். ஜப்பானியர்கள் சிங்கப்பூரைக் கடல்பக்கம் நேரடியாகத் தாக்கவில்லை. 1941 டிசம்பர் 8 அன்று வடக்கே வெகுதூரத்தில் கோத்தா பாருவில் இறங்கி, மலாயா முழுக்க நடந்தும் சைக்கிளிலும் வந்து, 1942 பிப்ரவரி 8 இரவு நீரிணையைக் கடந்தார்கள். தளம் தன் வாசலை அடைத்தே வைத்திருந்தது. வேறு வாசலைக் காக்க வேறு படையும் விமானமும் தேவைப்பட்டன. அவை போதவில்லை. டிசம்பர் 10 அன்றே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெருங்கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்துவிட்டன. பிப்ரவரி 15-இல் சரணடையும் முன் பிரிட்டிஷாரே ஜோகூர் தளத்துப் பீரங்கிகளை வெடிவைத்து உடைத்தார்கள். அதன்பின் அந்த ஊரில் நம்மவர்கள் பட்ட பாடும், அங்கிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள் கதையும் தனியாக எழுதவேண்டியவை.

நம் கரையில் ஏன் இல்லை?

கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரை டெல்டாக் கரை தட்டை. குன்று கிடையாது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் ஆழமில்லை. நாகப்பட்டினத்துக்கு வந்த பெரிய கப்பல்கள் எல்லாம் தள்ளி நங்கூரம் போட்டு, ஆளையும் சரக்கையும் படகில் இறக்கின. 1746, 1758, 1782 என மூன்று முறை நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கில, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதியபோதும் சண்டை கப்பலுக்கும் கப்பலுக்கும்தான்.

பார்க்க உயரம் வேண்டும், காக்க ஒரு துறைமுக வாயில் வேண்டும். டெல்டாவில் இரண்டும் இல்லை. பெருஞ்செலவில் கான்கிரீட் தளம் அமைக்க இங்கே காரணமும் இல்லை. கடலுக்கு அந்தப்பக்கம் திருகோணமலையைப் பாருங்கள். ஆழமான இயற்கைத் துறைமுகம், அதன் தலைமேல் செங்குத்துப் பாறை. பிரிட்டிஷார் அங்கே உலகப்போர்க் காலத்தில் கரையோரப் பீரங்கிகள் வைத்திருந்தார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளேதான் போகிறது. சுவாமி தரிசனத்துக்குப் போகும் டெல்டாக்காரர்கள் அந்தப் பாறை விளிம்பில் நின்று எவ்வளவு கடல் தெரிகிறது என்று ஒரு தரம் கவனிக்கலாம்.

சென்னைக்கு 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. கரையில் பீரங்கிகள் இருந்தன, சில குண்டுகள் சுடவும் சுட்டன. ஒன்றும் படவில்லை. அரைமணி நேரத்துக்குள் எம்டன் இருட்டில் போயே போய்விட்டது. எதிர்பாராத இரவில், விளக்கை அணைத்துவிட்டு நகரும் கப்பலின் இடத்தை அளக்காமல் பீரங்கி மட்டும் இருந்து என்ன செய்யும் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் கிடையாது.

தளங்கள் எப்படி முடிந்தன

விமானம் அவற்றைப் பாதி முடித்தது, ஏவுகணை மீதியை முடித்தது. பிரிட்டன் 1956-இல் தன் கரையோரப் பீரங்கிப் படைப்பிரிவையே கலைத்துவிட்டது. இப்போது அந்த வேலையை லாரியில் ஏற்றிய ஏவுகணை செய்கிறது. இந்தியா பிலிப்பைன்ஸுக்கு விற்று 2024 ஏப்ரலில் கொடுக்கத் தொடங்கிய பிரம்மோஸ் அந்த வகைதான். சுட்டதும் இடம் மாறிவிடலாம் என்பதால் அதற்குக் கான்கிரீட் தேவையில்லை. ஆனால் கப்பல் எங்கே என்று அதற்கும் யாராவது சொல்லவேண்டும். நோக்குமாடத்தின் இடத்தில் இன்று ரேடாரும் விமானமும் செயற்கைக்கோளும் இருக்கின்றன.

விட்டுப்போன கான்கிரீட்டை உப்பு தின்கிறது. கடலோரத்தில் காற்றிலும் மணலிலும் உள்ள உப்பு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடப் பருமன் அதிகம், அது உப்பி கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் மாடி வீட்டு உள்கூரையில் காரை பெயர்ந்து சிவந்த கம்பி தெரிவது இதே காரணத்தால்தான். டென்மார்க், பிரான்ஸ் கரைகளில் மணல்மேடு அரித்து, மேட்டின் மேல் கட்டிய பெட்டிகள் இன்று அலைக்குள் சரிந்து கிடக்கின்றன. தரங்கம்பாடியில் மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கொண்டுபோன கடலுக்குச் செங்கல்லும் கான்கிரீட்டும் ஒன்றுதான்.

சிங்கப்பூரில் உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் சாங்கியில் ஜோகூர் தளத்தையும் செந்தோசாவில் சிலோசோ கோட்டையையும் பார்க்கலாம். சாங்கியில் இப்போது நிற்பது மாதிரிப் பீரங்கி. உண்மையானது அதன் கீழே மண்ணுக்குள் இருக்கும் கிடங்குகள். 1991-இல்தான் அவை மறுபடி கண்டுபிடிக்கப்பட்டன. தரையில் அவை போகும் வழியைக் குறியிட்டுக் காட்டியிருக்கிறார்கள். எந்த ஊர்த் தளத்துக்குப் போனாலும் முதலில் பீரங்கியைப் பார்க்காதீர்கள். உயரமான இடத்தில், கடலைப் பார்த்து, ஒரு நீளப் பிளவோடு சின்ன அறை எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே போய் நின்று அந்தப் பிளவு வழியாகப் பார்த்தால், அந்தத் தளம் எந்தக் கடலைக் காத்தது, எதைக் காக்கவில்லை என்பது இரண்டும் தெரியும்.